அப்பாவின் இருட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

என் மனைவிக்கு ஒரு வாரம் விடாத காய்ச்சல். இடுப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது உண்ணிக்காய்ச்சல் என்று டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. இந்த மருந்து புரத உற்பத்தியையே நிறுத்தும் என்று இணையத்தில் படித்துப் பயந்து, மூன்றாம் நாள் நிறுத்திவிட்டேன். நம் உடலின் புரதமும் நின்றுவிடாதா? முட்டை, பருப்பு கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்டலாமா? அலோபதி என்றாலே இப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த இரவே, விடிந்ததும் மருத்துவரைப் பாருங்கள் என்று தனியாக எழுதினேன். மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டதாக நேற்றுச் சொன்னீர்கள். நிம்மதி. ஆனால் கோபம் தீரவில்லை. உங்கள் மனைவியின் உடம்பில் ஓடும் மருந்தை, அவரையும் கேட்காமல் மருத்துவரையும் கேட்காமல் நிறுத்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? டாக்ஸிசைக்ளின் கிருமியைப் பெருகவிடாமல் பிடித்து வைக்கும். மிச்சத்தை உடம்புதான் முடிக்க வேண்டும். காய்ச்சல் விட்ட நாளில் கிருமி அடங்கியிருக்கிறது, அழிந்துவிடவில்லை.

புரதம் உருவாவதைத் தறியை வைத்துத்தான் எனக்கு யோசிக்க வரும். அப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தவர். ஜக்கார்டு பெட்டியில் ஓட்டையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை எழும், இல்லாத இடத்தில் எழாது. அன்னமோ யாளியோ, அட்டை சொன்னபடி சரிகையில் விழும். செல்லுக்குள் அந்தத் தறிதான் ரைபோசோம். மரபணுவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. அட்டை, அமினோ அமிலங்கள் நூல். பாக்டீரியாவின் தறி 30எஸ், 50எஸ் என்ற இரு பாகங்கள் சேர்ந்தது. நம்முடையது 40எஸ், 60எஸ். வேலை ஒன்றுதான், கட்டுமானம் சற்றே வேறு. பாக்டீரியாவின் தறியைப் பிடித்து நம்முடையதைப் பெரும்பாலும் விட்டுவிடும் இந்த மருந்துகளெல்லாம் அந்தச் ‘சற்றே’யை நம்பித்தான் இருக்கின்றன.

டாக்ஸிசைக்ளின் 30எஸ் பாகத்தில், அடுத்த நூல் வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அஸித்ரோமைசின் என்ற இன்னொரு மருந்து 50எஸ் பாகத்தில், நெய்தது வெளியேறும் வழியை அடைக்கிறது. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைப்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது.

ஸ்ட்ரெப்டோமைசின் வேறு வகை. தறியை ஓடவிட்டு, அட்டையைத் தவறாகப் படிக்கவைக்கும். தப்பான நூல் விழுந்து நெய்வதெல்லாம் பழுதாகும். 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்த அந்த மருந்துதான் 1967இல் என் அப்பாவின் காசநோய்க்குக் கிடைத்தது. மாத்திரைகளோடு மாதக்கணக்கில் ஊசி. பிழைத்தார். மறுபடி தறிக்குழியில் கால் வைத்தார்.

ஆனால் விளக்கு அணைந்தால் அவரால் நிற்க முடியாது. உட்செவியில் சமநிலையை உணரும் மயிரணுக்களை ஊசி அழித்துவிட்டது. அவை திரும்ப முளைப்பதில்லை. கண்ணால் பார்த்துத்தான் உடம்பை நிறுத்திக்கொண்டிருந்தார். இரவில் கொல்லைக்குப் போகும்போது உள்ளங்கை சுவரைவிட்டு எடுபடாது. கூடத்துச் சுவரில் அந்தக் கை தேய்த்த தடம், வெள்ளையடிக்கும்போதெல்லாம் மறைந்து, பொங்கல் கழிந்து சில மாதத்தில் மறுபடி தெரியும். முற்றத்து விளக்கை அம்மா அணைத்ததே இல்லை.

சிதம்பரத்தில் பிறந்து, ரைபோசோம் ஆய்வுக்குப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் குழு, ஸ்ட்ரெப்டோமைசின் 30எஸ் பாகத்தில் எங்கே போய் உட்கார்கிறது என்பதை 2000இல் படமாகவே காட்டியது. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முப்பத்தொரு வருடங்களைக் கொடுத்ததும் அந்த மூலக்கூறுதான்; இருட்டில் நடக்கும் காலைப் பறித்ததும் அதுதான். அவர் ஒருநாளும் அந்த ஊசியை வைததில்லை. ‘அலோபதி என்றாலே’ என்று யாராவது ஆரம்பித்தால் என்னால் பொறுக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

உங்கள் மனைவிக்குக் கொடுத்தது வேறு மருந்து. மருத்துவர் சொன்ன நாள்வரை ஒருவேளைகூட விடாமல் கொடுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கட்டும், விழுங்கியதும் படுக்க வேண்டாம். முட்டை அவருக்குப் பிடித்தால் சாப்பிடட்டும். அந்தக் கறுப்புப் பொருக்கு உதிர்ந்துவிட்டதா என்று எழுதுங்கள்.