நெய்வேலிக்கு அடியில் எண்ணெயும் இருக்குமா? வாசகர் கேள்விகள்

விருத்தாசலம் வாசகர்: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறதே, அங்கே எண்ணெயும் இருக்குமா?

நிலக்கரியை எண்ணெய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. நெய்வேலி லிக்னைட் கடலூர் மணற்கல்லோடு சேர்ந்த இளம் படிவம். அது ஆழத்தில் புதையவில்லை, சூடும் ஏறவில்லை. நெய்வேலியும் அடங்கிய காவிரிப் படுகைக்கு, அதாவது பாறைகள் அடுக்கடுக்காகப் படிந்த இந்தப் பெரும் தாழ்நிலத்துக்கு, எண்ணெய் தந்த முக்கிய மூலப்பாறை (சூடேறி எண்ணெயாக மாறும் உயிர்ப்பொருள் நிறைந்த பாறை) ஆண்டிமடம் படிவம். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது உண்டான பள்ளங்களில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன் படிந்தது.

கடலூர் வாசகர்: படுகையைக் கணினியில் மாதிரி செய்தால் எண்ணெய் இருக்கும் இடம் தெரிந்துவிடுமா?

தெரியாது. மூலப்பாறை எப்போது, எவ்வளவு சூடானது என்பதைத்தான் மாதிரி சொல்லும். இன்றுள்ள அடுக்குகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, கீழே உள்ள களிமண் அமுங்குவதற்கு முன் எவ்வளவு தடிமனாக இருந்தது என்று கணக்கிடுவோம். அப்புறம் பழைய அடுக்கில் தொடங்கி வரிசையாகப் புதைத்து, அடியிலிருந்து வரும் வெப்பத்தைச் சேர்ப்போம். தரையில் 28 டிகிரி, கிலோமீட்டருக்கு 30 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் 2.5 கிலோமீட்டரில் 103 டிகிரி. எண்ணெய் பொதுவாக 60 முதல் 120 டிகிரிக்குள் உருவாகிறது. ஆனால் இன்றைய வெப்பத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கண்டம் பிளந்தபோது மேலோடு மெலிந்து, வெப்பம் அதிகமாக வந்திருக்கும். அதைக் கணக்கிடும் வழியைப் புவி இயற்பியலாளர் மெக்கன்சி 1978இல் தந்தார்.

சரிபார்ப்பதுதான் முக்கியம். பாறையில் சிக்கிய மரத்துணுக்கு சூடேற ஏற அதிக ஒளியை எதிரொளிக்கும். அந்த எதிரொளிப்பு ஏறக்குறைய 0.6 விழுக்காட்டைத் தொட்டால் எண்ணெய் உருவாகத் தொடங்கிய நிலை. கிணற்றில் அளந்ததோடு ஒத்துப்போகாத கணினி மாதிரியை, அது எவ்வளவு அழகான வண்ணப் படமாக இருந்தாலும், நான் நம்ப மாட்டேன்.

புதுச்சேரி மாணவி: எல்லாம் பொருந்தியும் கிணறு வறண்டுபோவது ஏன்?

பல நேரம் காலம் தப்பியிருக்கும். எண்ணெய் நகர்ந்து வந்த காலத்தில் அதைப் பிடித்துவைக்கும் பாறை மடிப்பும், மேலே கசியாமல் தடுக்கும் மூடுபாறையும் தயாராக இருந்திருக்க வேண்டும். பிறகு உருவானால், வெள்ளம் வடிந்தபின் ஏரிக்குக் கரை போட்ட கதைதான்.

மேல்புவனகிரி விவசாயி: மாதிரி செய்கிறார்கள் என்றால் துளைபோட வருவார்களா?

ஐயா, மாதிரிக்குப் புதுத் துளை தேவையில்லை. பழைய கிணறுகளின் பதிவும் நில அதிர்வுத் தரவும் போதும். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் உங்கள் ஒன்றியமும் இருக்கிறது. அங்கே எண்ணெய், எரிவாயுவுக்குப் புதிதாகத் துளையிடத் தடை உண்டு. சட்டத்துக்கு முன்பே நடந்துவந்த வேலைகளை அது நிறுத்தாது. யாராவது வந்து பேசினால், பழைய உரிமமா புதியதா என்று முதலில் கேளுங்கள்.