ஐஎஸ்பிஎன்னுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் நெசவுப் பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறாள். ஆய்வேட்டைப் புத்தகமாக்குகிறோம் என்று ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. கட்டணம் 45,000 ரூபாய். "ஃபாரின் பப்ளிஷர், விட்டுடாதீங்க" என்று தாய்மாமன் நெருக்குகிறார். நகையை அடகு வைக்கலாமா?

ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் வைக்காதீர்கள். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கூப்பிடுகிறவர்களுக்கு வேண்டியது உங்கள் பணம். நல்ல பதிப்பகம் முதலில் பிரதியைக் கேட்கும், துறை தெரிந்தவரிடம் காட்டும், திருத்தச் சொல்லும், வேண்டாம் என்றும் சொல்லும்.

"ஐஎஸ்பிஎன் எண்ணோடு வெளியிடுவோம்" என்கிறார்களாம். அந்த 13 இலக்க எண் தரச்சான்று இல்லை, இன்ன நூல் என்று அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். நம் நாட்டில் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. உங்கள் மகளே நூலாசிரியர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். முகமையின் இணையதளத்தில் பதிவு செய்து, அடையாளச் சான்றையும் நூல் விவரங்களையும் ஏற்ற வேண்டும். பெயர் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும். அச்சுப் புத்தகத்துக்கு ஒரு எண், மின்னூலாகவும் போட்டால் அதற்கு வேறு எண். எண் கைக்கு வந்த பிறகுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் அது பதிப்பு விவரப் பக்கத்திலும் பின்னட்டைப் பார்கோடிலும் வர வேண்டும். அப்புறம், 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது. உங்கள் மகள் விடக் கூடாது.

வேலைக்கான நேர்காணலில், தேர்ந்த பதிப்பகம் போட்ட நூலுக்கு உள்ள மதிப்பு சொந்தப் பதிப்புக்குக் கிடைக்காது என்பதும் உண்மை. அதனால் முதலில் நாட்டார் வழக்காற்று நூல்கள் போடும் இரண்டு மூன்று தமிழ்ப் பதிப்பகங்களுக்கு அனுப்பட்டும். யாராவது காசு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அவள் தமிழில் எழுத நினைக்கிறாள், மாமா ஆங்கிலம் என்கிறார். பாடிக்கொடுத்த நெசவாளப் பெண்கள் படிக்கப்போவது தமிழில்தான். இதில் மாமாவின் பேச்சு எடுபடக் கூடாது. கோட்பாட்டு இயலைச் சுருக்கி, பாடல்களை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டாம்.