அத்லெடிகோ மாட்ரிட் 2013-14: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்பெயினில் ரியால் மாட்ரிட், பார்சிலோனா என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு அணி லீக் பட்டத்தை வென்று, அதே மாதத்தில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டத்தையும் விளையாடியது. பயிற்சியாளர் டியேகோ சிமியோனேயின் அத்லெடிகோ மாட்ரிட். அந்த சீசனைப் பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்து, என்னால் முடிந்தவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் 2018-க்கு அப்புறம்தான் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு அணி ஒரு வருஷம் லீக் ஜெயித்ததை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

அப்போதைய நிலவரம் தெரிந்தால்தான் தம்பி இதன் கனம் புரியும். 2004-ல் வலென்சியா வென்றதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்தப் பட்டம் பார்சிலோனாவையும் ரியாலையும் விட்டு வெளியே போகவில்லை. காரணம் பணம். அப்போதெல்லாம் ஸ்பெயினில் தொலைக்காட்சி உரிமையை ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியாக விற்றது. அந்த வருமானத்தில் இந்த இரண்டு பேருக்கும் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அத்லெடிகோவுக்குக் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து விற்றுப் பிரித்துக் கொடுக்கும் முறையே 2015-ல் அரசு ஆணை போட்ட பிறகுதான் வந்தது.

2013 கோடையில் ரியால் கேரத் பேலை வாங்கியது, பார்சிலோனா நெய்மாரை வாங்கியது. அதே கோடையில் அத்லெடிகோ தன் முக்கிய ஸ்ட்ரைக்கர் ஃபால்காவோவை விற்றது. இப்படித் தொடங்கிய சீசனின் முடிவில் அத்லெடிகோ 90 புள்ளி, மற்ற இருவரும் தலா 87. அத்லெடிகோவுக்கு அது பத்தாவது லீக் பட்டம், 1996-க்குப் பிறகு முதல் பட்டம். அந்த 1996 அணியில் நடுக்களத்தில் ஆடியவர் இதே சிமியோனே!

கேள்வி: ஃபால்காவோ போன பிறகு கோல் அடித்தது யார்? டேவிட் வில்லாவா?

வில்லா முக்கியமானவர்தான், ஆனால் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டவர் டியேகோ கோஸ்டா. முந்தைய சீசனில் லீக்கில் 28 கோல் அடித்த ஃபால்காவோவை மொனாக்கோ ஏறக்குறைய 6 கோடி யூரோவுக்கு எடுத்துக்கொண்டது. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் பார்சிலோனாவிலிருந்து வில்லா வந்தார். அதுவரை ஃபால்காவோவுக்காக ஓடி ஓடி இடம் உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த கோஸ்டா முன்னால் வந்தார். லீக்கில் 27 கோல், சாம்பியன்ஸ் லீக்கில் 8.

எனக்கு அவரிடம் பிடித்தது கோல் கணக்கைவிட அந்த மூர்க்கம்தான். ஏப்ரலில் ஹெதாஃபே ஆட்டத்தில் பந்தைக் கோலுக்குள் தள்ளியபடியே சறுக்கிப்போய்க் கம்பத்தில் காலை இடித்துக்கொண்டார். நிற்க முடியாமல் வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்து நாளில் எல்ச்சே ஆட்டத்தில் திரும்ப ஆடினார்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், பதினோரு பேரும் கோல் முன்னால் நின்று தடுத்ததுதானே அவர்கள் ஆட்டம்?

இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 26 மட்டுமே என்பது சரி. ஆனால் அடித்தது 77. சும்மா பின்னால் நின்ற அணிக்கு 77 கோல் வராது.

அவர்கள் செய்தது இதுதான். நான்கு பேர், நான்கு பேர் என்று இரண்டு வரிசை. இரண்டுக்கும் இடையே எதிரணி வீரர் நிம்மதியாகத் திரும்பப் பத்து அடிகூட இருக்காது. ஓரத்தில் ஆடுகிற கோகேவும் அர்தா துரானும் கோட்டை ஒட்டி நிற்காமல் உள்ளே ஒதுங்கி நிற்பார்கள். நடுவழி அடைபட்டுவிடும், எதிரணி பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோகும். ஓரத்துக்குப் போன நொடியில் மூன்று பேர் போய் மொய்ப்பார்கள். அதையும் மீறி கிராஸ் வந்தால் உள்ளே கோடினும் மிராண்டாவும் இருக்கிறார்கள், உயரத்தில் அவர்களை வெல்ல ஆள் கிடையாது. அவர்களுக்குப் பின்னால் கோல்கீப்பர் கூர்த்துவா.

பந்தைப் பிடித்த பிறகு நேரே கோஸ்டாவுக்கு. அவர் ஒரு ஃப்ரீ கிக்கோ கார்னரோ வாங்கிக் கொடுத்தால் போதும், கோகே அல்லது கேப்டன் காபியின் காலிலிருந்து வரும் பந்துக்குக் கோடின், மிராண்டா, ராவுல் கார்சியா மூவரும் பாய்வார்கள். அந்த சீசனின் பெரிய கோல்களை எடுத்துப் பாருங்கள், பாதி இப்படி வந்ததாகத்தான் இருக்கும். இதை விளையாட எதிரணியைவிட அதிகமாக ஓட வேண்டும், அதுவும் வாரத்துக்கு இரண்டு முறை. உடற்பயிற்சிப் பொறுப்பிலிருந்த ஆஸ்கர் ஒர்தேகாவின் பெயரை ரசிகர்கள் வீரர்கள் பெயருக்கு இணையாகச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: பிப்ரவரியில் அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்களே, என்ன நடந்தது?

முதல் எட்டு லீக் ஆட்டத்தையும் வென்று தொடங்கிய அணி அது. செப்டம்பரில் ரியாலின் சொந்த மைதானமான பெர்னபேயுவிலேயே போய் ரியாலை 1-0 என்று சாய்த்தது. பாதி சீசன் முடிந்தபோது பார்சிலோனாவும் அத்லெடிகோவும் சமமாக 50 புள்ளியில் நின்றன. பிப்ரவரி வந்ததும் கால் தளர்ந்தது. முதல் தேதியே கிளப்பின் மகாபுருஷர், முன்னாள் வீரரும் பயிற்சியாளருமான லூயிஸ் அரகோனெஸ் காலமானார். அடுத்த நாள் அவர் நினைவோடு இறங்கி ரியால் சொசிடாட்டை 4-0 என்று வென்றார்கள். அப்புறம்தான் சரிவு. ஸ்பெயினின் நாக்-அவுட் கோப்பையான கோபா டெல் ரே அரையிறுதியில் ரியாலிடம் 3-0, 2-0. லீக்கில் அல்மேரியாவிடம் 2-0, ஒசசூனாவிடம் 3-0.

அல்மேரியா ஆட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? கூர்த்துவா இல்லாததால் இறங்கிய கோல்கீப்பர் அரன்சூபியா பெனால்ட்டி கொடுத்து சிவப்பு அட்டை வாங்கினார். மாற்று வீரர் வாய்ப்பும் தீர்ந்துவிட்டது. கேப்டன் காபி கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றார்.

மார்ச் 2-ம் தேதி ரியாலோடு 2-2. அதன் பிறகு ஒன்பது லீக் ஆட்டம் வரிசையாக வெற்றி. அந்த ஒன்பதிலும் சேர்த்து வாங்கியது ஒரே ஒரு கோல்! எஸ்பன்யோல், கிரனாடா, வியாரியால், வலென்சியா என நான்கு வெற்றி 1-0. என்னைக் கேட்டால் பட்டம் வென்றது கடைசி நாளில் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் அல்ல, இந்த இரண்டு மாதத்தில்தான். 'ஒவ்வொரு ஆட்டமாகப் பார்ப்போம்' என்று சிமியோனே சொல்லிக்கொண்டே இருந்ததைப் பலர் வெறும் வாய்ப்பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். வீரர்கள் அதை அப்படியே நம்பினார்கள்.

கேள்வி: கடைசி நாளில் பார்சிலோனா ஜெயித்திருந்தால் புள்ளி சமமாகியிருக்கும். கோல் வித்தியாசம் பார்த்திருப்பார்களா?

இல்லை. ஸ்பெயினில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது அந்த இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களை. முதல் ஆட்டம் 0-0. அதனால் கேம்ப் நூவில் வெல்பவருக்கே பட்டம், டிரா ஆனால் அத்லெடிகோவுக்கு.

இந்த நிலை வந்திருக்கவே வேண்டாம். மே மாதத் தொடக்கத்தில் லெவான்டேயிடம் 2-0 என்று தோற்றார்கள், அடுத்து சொந்த மைதானத்தில் மலகாவோடு 1-1. அந்த ஆட்டத்தில் வென்றிருந்தால் அன்றே பட்டம். கடைசி நிமிடங்களில் ஆட்ரியான் வளைத்து அடித்த பந்தை வில்லி கபயேரோ பாய்ந்து தட்டிவிட்டார். சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதி, அரையிறுதி என்று ஓடிய கால்கள் ஓய்ந்துபோனது அப்போதே தெரிந்தது.

கேள்வி: கேம்ப் நூ ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் சார். நான் ஹைலைட்ஸ் மட்டும்தான் பார்த்தேன்.

2014 மே 17. ஹைலைட்ஸில் விட்டுப்போவது முதல் 25 நிமிடம். கோஸ்டாவின் தொடைத் தசை பிடித்துக்கொண்டது, வெளியே போனார். சில நிமிடத்தில் அர்தா துரானும் அடிபட்டு வெளியே. இருவரும் மாற்று வீரர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சீசன் முழுக்க அணியை இழுத்துவந்த இருவர் இல்லை, ஆட்டத்தில் இன்னும் முக்கால் பங்கு மீதி. 33-வது நிமிடத்தில் மெஸ்ஸி நெஞ்சில் வாங்கி இறக்கிய பந்தை, கோணமே இல்லாத இடத்திலிருந்து அலெக்சிஸ் சான்செஸ் வலையின் மேல்மூலைக்கு அடித்தார். வேறு எந்த அணியாக இருந்தாலும் அங்கே உடைந்திருக்கும்.

இடைவேளைக்குப் பிறகு வந்தது வேறு அணி. வில்லாவின் ஷாட் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 49-வது நிமிடத்தில் காபியின் கார்னர். கோடின் ஓடிவந்து எழும்புகிறார், சுற்றி நின்றவர்கள் அவர் தோளுக்குக் கீழே இருக்கிறார்கள், பந்து வலைக்குள். மீதி 40 நிமிடமும் அந்த இரண்டு வரிசை அசையவில்லை. மெஸ்ஸி ஒரு முறை பந்தை உள்ளே போட்டார், ஆஃப்சைடு கொடி ஏறியது. விசில் ஊதியபோது பார்சிலோனா ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்த மைதானத்தில், தங்கள் பட்டத்தைப் பறித்த அணிக்கு! அந்த மனசுக்காக கேம்ப் நூ மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

கேள்வி: செல்சியின் கோல்கீப்பரே செல்சிக்கு எதிராக ஆடினார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். கூர்த்துவா செல்சி சொத்து, மூன்று வருஷமாக லோனில் (இரவல் வீரராக) இங்கே இருந்தார். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இரு அணிகளும் மோதின. தங்களுக்கு எதிராக அவரை இறக்கினால் பெரிய தொகை தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தது. அப்படிப்பட்ட ஷரத்து செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ சொல்லிவிட்டது. மாட்ரிட்டில் 0-0. லண்டனில் முதல் கோல் அடித்தவர் செல்சியின் ஃபெர்னாண்டோ டோரஸ், அத்லெடிகோவில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்து கேப்டனானவர். கோல் அடித்தும் கொண்டாடவில்லை. இடைவேளைக்குச் சற்று முன் ஆட்ரியான் சமன் செய்தார். அடுத்த பாதியில் 1-1 இருக்கும்போது செல்சியின் டெர்ரி தலையால் முட்டிய பந்தைக் கூர்த்துவா தடுத்தாரே, அதுதான் திருப்பம். கொஞ்ச நேரத்தில் செல்சியின் எட்டோ தவறு செய்து பெனால்ட்டி கொடுக்க, கோஸ்டா அதைக் கோலாக்கினார், அப்புறம் அர்தா. 3-1.

கேள்வி: லிஸ்பன் இறுதி ஆட்டத்தில் காயத்தோடு இருந்த கோஸ்டாவை ஏன் இறக்கினார் சிமியோனே? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

எனக்கும்தான். கேம்ப் நூ ஆட்டத்துக்கும் லிஸ்பனில் ரியாலோடு நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கும் நடுவே சரியாக ஒரு வாரம். தொடைத் தசை கிழிந்தால் ஒரு வாரத்தில் ஆறாது. பெல்கிரேடுக்குப் போய்க் குதிரையின் நஞ்சுக்கொடியை வைத்து ஏதோ சிகிச்சை எடுத்தார் கோஸ்டா. ஒன்பதாவது நிமிடத்தில் வெளியே வந்தார். ஆட்டம் முடிந்ததும் அது தன் பொறுப்பு என்று சிமியோனே ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு மாற்றம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அப்போது மூன்று மாற்று வீரர்கள்தான் அனுமதி. இரண்டாவதாக ராவுல் கார்சியாவுக்குப் பதில் சோசா, மூன்றாவதாக 83-வது நிமிடத்தில் நடக்கவே முடியாமல் போன ஃபிலிப்பே லூயிஸுக்குப் பதில் ஆல்டர்வைரெல்ட். ரியாலின் ரமோஸ் கடைசி நேரத்தில் கோல் அடித்துச் சமன் செய்தபோது சிமியோனேவிடம் மாற்ற ஆள் இல்லை. எதிர்ப்பக்கம் ரியால் பயிற்சியாளர் அன்சலோட்டி ஒரு மணி நேரம் ஆவதற்குள் மார்செலோவையும் இஸ்கோவையும் இறக்கியிருந்தார், இருவரும் வேறு எந்த அணியிலும் முதல் பதினொன்றில் ஆடக்கூடியவர்கள்.

கேள்வி: நான் ரியால் ரசிகன். 4-1 என்றால் 4-1 தானே ப்ரோ? ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று ஏன் புலம்புகிறீர்கள்?

நான் புலம்பவில்லை ப்ரோ. ஐந்து நிமிடம் நியாயமானதே, அவ்வளவு தடங்கல் இருந்தது. ரியால் கோல்கீப்பர் கசீயாஸ் முன்னால் வந்துவிட்ட தருணத்தில் கோடின் முட்டிய பந்து 36-வது நிமிடத்தில் கோட்டைத் தாண்டியது. அதன் பிறகு 93-வது நிமிடம் வரை அந்த ஒரு கோலைக் காத்தார்கள். மோட்ரிச்சின் கார்னர், ரமோஸின் தலை. அந்தப் பந்து அவ்வளவு கச்சிதமாகப் போனது, கூர்த்துவா முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை. அடுத்து வந்த அரை மணிக் கூடுதல் நேரத்தில் அத்லெடிகோவிடம் கால்களே இல்லை. ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டே ஆடினார். பேல் 110, மார்செலோ 118, ரொனால்டோ 120. ஸ்கோர் 4-1 என்று பதிவாகும், ஆனால் ஆட்டம் அப்படி இருக்கவில்லை. ரியால் அந்த இரவுக்குத் தகுதியான அணி, அதில் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: 1974-லும் இப்படித்தான் நடந்ததாமே?

ஆமாம், கிட்டத்தட்ட அச்சு அசலாக. பிரஸ்ஸல்ஸில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதி. கூடுதல் நேரத்தில் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தவர் அதே லூயிஸ் அரகோனெஸ். கடைசி நிமிடத்தில் ஷ்வார்ட்சன்பெக் தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். மறு ஆட்டத்தில் பேயர்ன் 4-0. நாற்பது வருஷம் கழித்து, அரகோனெஸ் இறந்த அதே வருஷத்தில், அதே மாதிரி கை நழுவியது.

கேள்வி: நம் ஐஎஸ்எல்லில் கொல்கத்தா அணிக்கு அத்லெடிகோ என்று பெயர் இருந்ததே, அது இவர்களா?

இவர்களேதான். 2014-ல் தொடங்கிய அந்தக் கொல்கத்தா அணியில் அத்லெடிகோ மாட்ரிட்டுக்கும் பங்கு இருந்தது. முதல் ஐஎஸ்எல் கோப்பையை அந்த அணிதான் வென்றது. 2017-ல் உறவு முடிந்தது.

கேள்வி: அந்த அணி அப்படியே தொடர்ந்திருந்தால்?

தொடர விடமாட்டார்கள். அந்தக் கோடையிலேயே கோஸ்டாவும் ஃபிலிப்பே லூயிஸும் செல்சிக்குப் போனார்கள், கூர்த்துவா அங்கேயே திரும்பினார், வில்லா அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பதிலுக்கு கிரீஸ்மனும் ஒப்லாக்கும் வந்தார்கள், அது வேறு ஒரு நல்ல கதை. 2016-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் வரை மறுபடி போய், மறுபடி ரியாலிடமே பெனால்ட்டியில் தோற்றார்கள். லீக்கை 2021-ல் வென்றார்கள்.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் முழுசாகப் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

கேம்ப் நூ என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்வது 2014 ஏப்ரல் 9, அத்லெடிகோவின் அப்போதைய மைதானமான கால்டெரோனில் பார்சிலோனாவோடு சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம். கோஸ்டா காயத்தால் அணியில் இல்லை. முதல் 20 நிமிடத்தை மட்டும் கண் சிமிட்டாமல் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஆட்ரியான் தலையால் திருப்பிக் கொடுக்க கோகே கோல் அடிக்கிறார், அதற்குள்ளும் அதற்குப் பிறகுமாக மூன்று முறை பந்து கம்பத்தில் மோதுகிறது. தற்காப்பு மட்டுமே தெரிந்த அணி என்று யாராவது சொன்னால் இந்த 20 நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். அந்த சீசனில் பார்சிலோனாவோடு ஆறு முறை மோதி ஒரு முறைகூடத் தோற்கவில்லை இவர்கள்.