வாசகர் கேள்வி: செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட ஆசை

கேள்வி: பத்து வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறேன். செப்டம்பரில் மனைவியுடன் ஸ்காட்லாந்து போகிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் எங்களைப் போன்றவர்களை ஆட விடுவார்களா?
- வாசகர், குன்னூர்

பதில்: தாராளமாக. கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான ஓபன் சாம்பியன்ஷிப் 30 முறை நடந்த மைதானம்தான். ஆனாலும் அது எந்த கிளப்பின் சொத்தும் அல்ல, ஊர்ப் பொது நிலம். அங்கே ஆடும் உரிமை ஊர் மக்களுக்கு 1552-லேயே எழுத்தில் கிடைத்துவிட்டது. உங்கள் மனைவியும் ஆடுவாரென்றால் இருவரும் ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் அளவு) சான்றிதழ் எடுத்துச் செல்லுங்கள். ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயில், பிறகு பஸ்.

கேள்வி: அதற்குள் எதைப் பழகிக்கொள்ள வேண்டும்?

பதில்: பட்டரை, அதாவது பந்தைத் தரையோடு உருட்டும் மட்டையை! கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, வெளியிலிருந்தும் பட்டரால் உருட்டிப் பழகுங்கள். அது கடலோர மணல் நிலம். மழைநீர் உடனே உள்ளே இறங்கிவிடுவதால் தரை இறுகியே இருக்கும். விழுந்த பந்து நிற்காமல் ஓடும். உயரத் தூக்கி அடித்தால் காற்று பந்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

17-ஆவது குழியில் இதை நேரில் கண்டேன். குறுகலான கிரீன். பின்னால் தார்ச்சாலை, அதையடுத்து கற்சுவர். முன்னால் இடப்பக்கம் ஆளை மறைக்கும் மணல் பள்ளம், அதாவது பங்கர். சுற்றியுள்ள தரை முழுக்க அதை நோக்கியே சரிகிறது. 1978 ஓபனில் ஜப்பானிய வீரர் நாகஜிமா இரண்டே அடியில் கிரீனைத் தொட்டவர். அவர் பட்டரால் தட்டிய பந்து உருண்டு அந்த பங்கரில் விழுந்தது. வெளியேற நான்கு அடி. அந்தக் குழிக்கு மொத்தம் ஒன்பது!

இருபது கஜம் வெளியே நின்ற நான் பந்தை உயரத் தூக்கும் மட்டையான வெட்ஜை உருவினேன். பை சுமந்து வந்த பெரியவர் அதை வாங்கி வைத்துவிட்டுப் பட்டரைக் கொடுத்தார். கொடியைக் காட்டவில்லை, அதற்கு வெகு வலப்புறம், காய்ந்து பழுத்திருந்த ஒரு புல் திட்டைக் காட்டினார். தட்டினேன். பந்து மேடுகளில் குதித்து ஏறியது, உச்சியில் ஒரு கணம் தயங்கியது, இடப்புறம் திரும்பிக் குழிக்கு நான்கடி தூரத்தில் வந்து நின்றது. பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார்.

கேள்வி: குலுக்கலில் பெயர் வராவிட்டால்?

பதில்: மறுநாளைக்கும் கொடுங்கள். அதற்குள் பக்கத்திலேயே 1895-இல் திறந்த நியூ கோர்ஸில் ஆடுங்கள். அதே காற்று, அதே மணல். ஞாயிறன்று ஓல்ட் கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊரார் நாயும் குழந்தைகளுமாக உலாவுவார்கள். நீங்களும் போய் அந்த 17-ஆவது பங்கரின் விளிம்பில் நின்று பாருங்கள்.