காவேரித் தண்ணீருக்கு ஆர்ஓ மெஷின் தேவையா?

கேள்வி: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் காவேரித் தண்ணீர் வரும். சில நாள் குளோரின் வாடை தூக்கலாக இருக்கிறது, சில நாள் முதலில் கலங்கலாக வருகிறது. பற்றாக்குறைக்கு டேங்கர் வாங்கி அதே சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) விடுகிறோம். ஆர்ஓ விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் ஒரு கருவியை வைத்து கரண்ட் கொடுத்தார், தண்ணீர் செம்பழுப்பாகிவிட்டது. மெஷின் வாங்கியே ஆகவேண்டுமா?

பதில்: அந்தக் கருவியைப் பார்த்துப் பயந்து வாங்காதீர்கள். அதில் இருப்பவை இரும்புக் கம்பிகள். தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் உப்புகள் வழியாக மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகிறது. நீங்கள் பார்த்த நிறம் கம்பியிலிருந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே இருக்கும். நல்ல குடிநீரையும் இப்படிக் கெட்டதாகக் காட்டிவிடலாம். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டிருப்பவர்களை இப்படி மிரட்டி விற்பது பெரிய அநியாயம்.

உங்கள் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே கவனம் வேண்டும் என்பதும் புரியும். பெங்களூருக்குப் பக்கத்தில் ஜீவநதி கிடையாது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1890களில், ஆர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து முதன்முதலாகக் குழாயில் தண்ணீர் வந்தது. 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் சேர்ந்தது. ஊர் வளர்ந்த வேகத்துக்கு இரண்டும் போதவில்லை. 1964-ல் குடிநீர் வாரியம் அமைந்தது, 1974-ல் காவேரி முதல் கட்டம் தொடங்கியது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறந்தார்கள், தினம் 77.5 கோடி லிட்டர், புறநகரின் 110 கிராமங்களுக்காக.

மண்டியா மாவட்டம் மளவள்ளி தாலுகாவில் இருக்கும் தொரேகாடனஹள்ளியில்தான் சுத்திகரிப்பு நடக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், நாள்கணக்கில் வைத்தாலும் அடியில் படியாது. படிகாரம் போன்ற மருந்தை வேகமாகக் கலக்கும்போது அந்த மின்னூட்டம் அடங்குகிறது. பிறகு மெதுவாகக் கிளறினால் துகள்கள் ஒட்டிக்கொண்டு பஞ்சுபோலத் திரண்டு தொட்டியின் அடியில் உட்காரும். மேலே நிற்கும் தெளிந்த நீர் மணல் படுகை வழியாக இறங்கும். மணலில் அழுக்கு சேர்ந்ததும் கீழிருந்து காற்றையும் தண்ணீரையும் ஏற்றிக் கழுவுவார்கள். மழைக்காலத்தில் ஆறு செம்மண்ணாக வரும், மருந்தின் அளவும் அதற்கேற்ப மாறும். கடைசியாகக் குளோரின். அப்புறம் தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்ப் செய்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் ஏற்றி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள்.

சிக்கல் பெரும்பாலும் ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் சப்ளை என்றால் இடையில் தெருக்குழாய் காலியாக, அழுத்தம் இல்லாமல் கிடக்கும். எங்காவது விரிசல் இருந்து பக்கத்தில் சாக்கடை ஓடினால் அந்த நீர் உள்ளே கசியும். குழாய் லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளால் இது இன்னும் மோசமாகும். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். குழாய்க் கடைசியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை சொல்வது இதற்காகத்தான். ஆகவே குளோரின் வாடைக்குக் கவலைப்படவே வேண்டாம். திறந்த பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போய்விடும். குளோரின் வாடையே இல்லாமல், சாக்கடை நாற்றத்தோடு கலங்கி வந்தால்தான் ஆபத்து. அன்று அதைக் குடிக்காமல் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் சம்ப். டேங்கரில் வருவது பெரும்பாலும் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர். அதைக் காவேரியோடு கலந்தால் இருக்கிற குளோரினும் தீர்ந்துபோகும், உப்பும் கூடும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாகப் பிடியுங்கள்: காவேரி லைன் சம்ப்பில் விழும் முன்பே ஒரு டேப் வைக்கச் சொல்லுங்கள், பிளம்பருக்குச் சின்ன வேலைதான். முதலில் வரும் கலங்கலைச் செடிக்கு விட்டுவிட்டு, தெளிந்ததும் பிடித்து, நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும். சம்ப் மூடி தரைக்கு மேலே உயர்ந்திருக்கிறதா, பக்கத்தில் சாக்கடைச் சேம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவுங்கள். டேங்கர் விட்ட அன்று 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

காவேரித் தண்ணீரில் கரைந்த உப்பு, தரநிலை சொல்லும் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு வெகு கீழேதான். அதற்கு ஆர்ஓ போட்டால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். டேங்கர் தண்ணீரையே குடிக்க வேண்டிய நிலை வந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் முதலில் ஒரு லேபில் கடினத்தன்மை, நைட்ரேட் இரண்டையும் சோதியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை. அங்கே ஆர்ஓ உண்மையாகவே உதவும்.