குழந்தைகளுக்கு முதல் மேற்கத்தியக் கச்சேரியாக ஸ்ட்ரிங் குவார்டெட் சரிவருமா?

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய செவ்வியல் இசையை அறிமுகப்படுத்த நாலே நாலு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்டெட் கச்சேரிக்குக் கூட்டிப்போகலாமா, போரடித்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கூட்டிப்போங்கள். பெரிய வாத்தியக் குழு வாசிக்கும் சிம்பொனிக்கு முன்னால் இதைத்தான் காட்ட வேண்டும் என்பேன். எங்கள் வீட்டு வாண்டுகளைக் காட்பாடியில் ரயிலேற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போன அனுபவத்தில் சொல்கிறேன்.

சிம்பொனி மேடையில் எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சத்தம் யாரிடமிருந்து வருகிறது என்று பெரியவர்களுக்கே பிடிபடாது. குவார்டெட்டில் நாலே பேர்: இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வியோலா, உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் பெரிய ஒரு செல்லோ. முன்னால் நின்று கையசைத்துக் காட்ட ஆள் கிடையாது, மிருதங்கமும் கிடையாது. அப்புறம் எப்படி எல்லோரும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள்? இதை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கள் சின்னவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். முதல் வயலின்காரர் வில்லைத் தந்திக்கு மேலே தூக்கி, மூக்கால் ‘ஸ்’ என்று ஒரு மூச்சு இழுக்கிறார். மற்ற மூவர் கண்ணும் அந்த வில்லின் மேல்தான். அடுத்த நொடி நாலு வில்லும் சேர்ந்து இறங்குகின்றன. அதன்பிறகு ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் அவளும் கூடவே மூச்சிழுத்தாள்.

இதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டும். பின்னால் போய் உட்கார்ந்தால் பாதிக் கச்சேரி போச்சு. செல்லோ பெரும்பாலும் நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். அதன் அடியிலுள்ள கம்பி மேடைப் பலகையில் ஊன்றி நிற்பதையும், அழுத்தி வாசிக்கும்போது வில்லில் தடவியிருக்கும் ரோஸின் என்ற பிசினின் பொடி வெள்ளையாகப் பறப்பதையும் பிள்ளைகள் நமக்கு முன்னால் பார்த்துவிடுவார்கள்.

நிகழ்ச்சியில் இசையமைப்பாளர் ஹைடனின் (1732–1809) படைப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இந்த நாலு வாத்தியங்களுக்கான படைப்பையும் குவார்டெட் என்றுதான் சொல்வார்கள்; அப்படி 68 குவார்டெட்டுகள் எழுதிய மனிதர். 1781இல் எழுதிய ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 33, எண் 2க்கு ‘ஜோக்’ என்றே பட்டப்பெயர். கடைசிப் பகுதி முடிந்த மாதிரி நிற்கும். சரி என்று கைதட்டக் கையைத் தூக்கினால் இன்னொரு துண்டு வரும். மறுபடி நிற்கும், மறுபடி வரும். கடைசியில் ஒரு நீண்ட இடைவெளி விட்டு, மெட்டின் முதல் அடியை மட்டும் மெல்ல வாசித்துவிட்டு, அத்தோடு நிறுத்திவிடுவார்கள். தட்டலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். இந்த ரகசியத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்!

இன்னொரு இசையமைப்பாளர் பார்டோக்கின் நாலாவது குவார்டெட்டில் (1928) நாலாம் பகுதி முழுக்க வில்லே இல்லாமல் விரலால் மீட்டுவது. வீட்டில் வீடியோவாகப் போட்டுக் காட்ட ரொம்பப் பொருத்தம். பேத்தோவனின் கடைசிக்கால குவார்டெட்டுகளுக்கு இப்போது அவசரமில்லை. ஓபஸ் 131 ஏழு பகுதி, நடுவில் நிறுத்தாமல் ஏறக்குறைய 40 நிமிடம். நமக்கே நெளிய வரும்.

பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த திருத்தணியில்தான் முதல் கிருதியைப் பாடினார் என்று சொல்லப்படுகிற முத்துசுவாமி தீட்சிதர், ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்யம் போட்டிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்பார்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ பாடிக் காட்டுங்கள், அது இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டு. வயலினை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்த பெருமையும் அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்குத்தான். நவராத்திரிக் கச்சேரியில் சம்மணமிட்டுக் காலில் ஊன்றி வாசிக்கப் பார்த்த அதே வயலின், இங்கே தாடைக்கடியில் ஏறியிருப்பதைப் பார்த்து எங்கள் பெரியவன் சிரித்த சிரிப்புக்கு முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

பகுதிகளுக்கு நடுவில் கைதட்டக் கூடாது, தொடையில் தாளம் போடக் கூடாது என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும். மீறித் தட்டினால் முறைக்காதீர்கள். ஹைடன் காலத்தில் நடுவில் தட்டத்தான் செய்தார்கள்.

வேலூரில் இந்த மாதிரிக் கச்சேரி அபூர்வம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி இடங்களில் என்ன நடக்கிறது என்று கண் வைத்திருங்கள். இடைவேளையோடு கிளம்பிவிடுங்கள், குற்றமே இல்லை. முழுசாக இருந்தால் காட்பாடி வந்து சேர நள்ளிரவாகிவிடும், மறுநாள் பள்ளிக்கூடம் அம்போ.

திரும்பி வந்ததும் வயலின் வேண்டும் என்று நச்சரிப்பார்கள். சில வாரம் ஆறப்போடுங்கள். அப்புறமும் கேட்டால், கை நீளத்துக்குத் தகுந்தபடி கால் (1/4) சைஸ், அரை (1/2) சைஸ் என்று வருவதை ஆசிரியரிடம் அளந்து பார்த்து வாங்குங்கள். ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று பள்ளிச் சீருடை எடுப்பது போல முழு சைஸை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.