கனடாவில் தரும் மாத்திரை என் தம்பிக்கு இங்கே கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பிக்கு ஐஸ் எனப்படும் மெத் பழக்கம். இப்போது அம்பாசமுத்திரத்தில் எங்களோடு இருக்கிறான். இன்னும் விடவில்லை. கனடாவில் டாக்டர்களே பாதுகாப்பான மாத்திரை எழுதித் தருகிறார்களாமே? கண்டவனிடம் வாங்குவதற்குப் பதிலாக மெடிக்கலில் நாங்களே அப்படி ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமோ என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்ட குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர்கூட, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முடித்தால், தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

இனி கனடா. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தெருச் சரக்கில் ஃபென்டனில் என்ற கடும் வலி மருந்து கலந்து ஆட்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். 2016-இல் பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். அந்த விஷத்திலிருந்து காப்பாற்றத்தான் 2020-இல், கொரோனா சமயத்தில், டாக்டர் சீட்டில் மருந்து தரும் வழியை விரிவாக்கினார்கள். பெரும்பாலும் அது ஹெராயின் வகைப் பழக்கத்துக்கு. மெத் போடுகிறவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் என்ற தூண்டு மருந்துகளை எழுதவும் இடம் இருந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தால்தானே மீள முடியும்? ஆனால் ஹெராயினுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இருப்பதுபோல மெத்துக்கு உறுதியாக நிரூபணமான மாற்று மருந்து இன்னும் இல்லை. மெத் பழக்கத்துக்குக் கனடா மாதிரி மாத்திரை தரும் திட்டமும் நம் நாட்டில் கிடையாது.

அதனால் மெடிக்கலில் நீங்களாக எதையும் தேடாதீர்கள். மெஃபென்டர்மின் ஊசியைப் பாருங்கள். ஆபரேஷனின்போது இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கான மருந்து அது. ஜிம் பையன்கள் கைக்குப் போய், அதுவே தனிப் பழக்கமாகிவிட்டது. கம்பெனி மருந்துதானே, இதயம் தாங்கிவிடும் என்று நினைக்காதீர்கள்.

மெத்துக்கு இன்றுவரை நல்ல பலன் காட்டியிருப்பது ஊக்கப்பரிசுச் சிகிச்சை. வாரம் இரண்டு மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை. சுத்தமாக இருந்தால் அந்த நிமிடமே சின்னப் பரிசு. தொடர்ந்து சுத்தமாக இருந்தால் பரிசு கூடும். தவறினால் அன்று பரிசு இல்லை, அவ்வளவுதான், திட்டு கிடையாது. டாக்டரிடம் பேசி இதை வீட்டிலும் நடத்தலாம். ரொக்கம் வேண்டாம். மொபைல் ரீசார்ஜ், ராத்திரிக்குப் புரோட்டா சால்னா போதும். ‘ஆறு மாசம் ஒழுங்கா இரு, பைக் வாங்கித் தாரேன்’ என்பது வேலைக்கு ஆகாது. அந்த மூளைக்கு ஆறு மாதம் எட்டாத தூரம். ‘ஏல, இன்னைக்கும் போட்டியா?’ என்று வாசலிலேயே மறிப்பதையும் நிறுத்துங்கள்.

நிறுத்திய முதல் சில நாள் தூங்கிக்கொண்டே இருப்பான், அகோரமாகப் பசிக்கும். சோம்பல் என்று எழுப்பாதீர்கள். அப்புறம் வரும் மனச்சோர்வுதான் ஆபத்து. சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். 14416 டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர், சோறு, தூக்கம் மூன்றையும் கவனியுங்கள். ஊசி போடுகிறான் என்றால் ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடவே கூடாது. நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். நெஞ்சுவலி, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் 108. வண்டி வரும்வரை ஈரத்துணியால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். கட்டிப்போடாதீர்கள்.

மறுவாழ்வு இல்லம் என்று யாராவது அழைத்தால், மனநலப் பராமரிப்புச் சட்டப் பதிவு உண்டா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-இன் அந்தச் சட்டம் தடைசெய்திருக்கிறது. இல்லத்தை யோசிக்கும் முன்பு, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே கூட்டிப் போங்கள். கடைசியாக எப்போது போட்டான், வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இசிஜி எடுக்கவும் கேளுங்கள். டாக்டரிடம் அவன் பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே இருங்கள்.